சுத்துது டீச்சர்

பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் திரையில் ஒரு வட்டம் குடியிருந்தது. படம் வந்து சேரும்வரை சுற்றிக்கொண்டிருப்பதுதான் அதன் வேலை. அது சுற்றத் தொடங்கியதும், "சுத்துது டீச்சர்" என்று பிள்ளைகள் அலுத்துக்கொள்வார்கள். தன்னைத்தான் ஆசையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று வட்டம் நினைத்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் சுவரைத் துளைத்து, வேகமான இணையத்துக்கான ஒரு கண்ணாடி இழை உள்ளே வந்தது. தலைமுடி அளவுதான் பருமன். அதன் மறுமுனை தொலைதூரத்து ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தது.

"தம்பி, நீ எவ்வளவு நேரம் காக்க வைப்பே?" என்று கேட்டது வட்டம்.

"காக்க வைக்க மாட்டேன் அண்ணே."

"அப்புறம் உன்னை யாரு பார்ப்பா? என்னை ஒரு பீரியட் முழுக்க நாற்பது பேர் பார்ப்பாங்க."

அதற்குள் வகுப்பு தொடங்கிவிட்டது. பிள்ளைகள் தபாலில் அனுப்பிய குளத்துத் தண்ணீர், ஆராய்ச்சிக்கூடத்து நுண்ணோக்கியின் அடியில் இருந்தது. "கொஞ்சம் இடப்பக்கம்" என்றாள் மாணவி முபீனா. சொல்லி முடிப்பதற்குள் அங்கே நுண்ணோக்கி நகர்ந்தது. திரையில் பச்சையாக ஒரு குட்டி உயிர் பம்பரம்போல் உருண்டது.

"சுத்துது டீச்சர்!" என்று வகுப்பே எழுந்து நின்றது.

வட்டம் அவசரமாகத் திரை நடுவே ஓடி வந்தது. பச்சை உருண்டையைக் கண்டதும் சுற்ற மறந்து நின்றுவிட்டது.

"அண்ணே, கொஞ்சம் தள்ளிக்குங்க. பின்பெஞ்சுக்கு மறைக்குது" என்றது இழை.

வட்டம் மூலைக்கு ஒதுங்கிக்கொண்டது.

"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தச் சொல்லு தம்பி" என்றது.