சோதனைக் குழந்தை

பள்ளி வேன் எங்கே வருகிறது என்று பெற்றோருக்குச் சொல்லும் இணையச் செயலி எங்களுடையது. எழுதத் தொடங்கிய நாள் முதல் சோதனைக்கு ஒரே குழந்தைதான்: எங்கள் டீம் லீடரின் மகள் குட்டி. அவள் பெயர், அவர் போன் நம்பர், அவர் வீட்டு வாசல். போன மழைக்காலத்தில் குட்டி காய்ச்சலில் போய்விட்டாள். அந்தப் பதிவை அழிக்க எங்களில் யாருக்கும் கை வரவில்லை.

இன்று காலை, செயலியை நிஜ சர்வரில் ஏற்றுவதற்கு முன் அவரே அழித்தார். "சோதனை டேட்டாவோட லைவ் போகக் கூடாதுல்ல," என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டினேன்.

எல்லாம் பிசகில்லாமல் ஏறியது. மாலையில் முதல் வேன் கிளம்பியதும் அவர் போனில் செயலியின் செய்தி ஒலித்தது.

'குட்டி வண்டியில் ஏறிவிட்டாள்.'

சர்வரில் தேடினேன். அந்தப் பெயரில் யாரும் இல்லை.

"ஏதோ கோளாறுண்ணா. பழைய வெர்ஷனுக்கே திருப்பிடறேன்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வண்டி ஓடிட்டிருக்கும்மா. நடுவழியில நிறுத்தாதே."

வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். குழந்தைகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியில் வேன் அவர் தெருவுக்குள் திரும்பி நின்றது. வீடு பூட்டியிருந்தால் டிரைவர் ஒரு பொத்தானை அழுத்துவார். அதற்கு நான் எழுதிவைத்த வாசகம் டீம் லீடரின் போனுக்கு வந்தது.

'குட்டி வாசலில் காத்திருக்கிறாள். கதவைத் திறக்க ஆளில்லை.'

"ஐயோ, அவ அம்மாவும் வீட்ல இல்லையே," என்று எழுந்தவர், மேசை மேலும் பைக்குள்ளும் வீட்டுச் சாவியைத் தேடினார்.

நானும் சேர்ந்து தேடினேன்.