மாடியறைத் தொட்டில்

அவள் பல் செட் செய்யும் லேப்பில் வேலை பார்த்தாள். வீட்டுக்கு வந்தால், கூடத்தில் வைத்திருந்த பொம்மை வீட்டுக்குக் குட்டிச் சாமான்கள் செய்வாள். பஸ் ஓட்டும் கணவனும் நகத்தளவு தட்டு, தீப்பெட்டி உயர அலமாரி என்று எங்கே பார்த்தாலும் வாங்கிவருவான். பிள்ளையைப் பற்றிய பேச்சை இருவரும் விட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

பொம்மை வீட்டின் மாடியறையை மட்டும் காலியாக விட்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் ஒரு மரத்தொட்டில் இருந்தது. அவன் வாங்கிவந்து வைத்திருக்கிறான் என்று அவள் நினைத்தாள். கேட்டால் அவன் முகம் வாடிவிடும் என்று வாயைத் திறக்கவில்லை. அவள் செய்தது என்று நினைத்த அவனும், தூசு தட்டும்போது அதைத் தொடாமல் விட்டான்.

கடைசியில் ஒருநாள் சாப்பிடும்போது அவன்தான் கேட்டான்.

"அந்தத் தொட்டிலை எப்ப செஞ்சே?"

"நான் எங்க செஞ்சேன்? நீங்க வாங்கினதுன்னுல்ல நினைச்சேன்."

"சத்தியமா நான் இல்ல."

இருவரும் எழுந்து போய்ப் பார்த்தார்கள். அவள் தொட்டிலுக்குள் இருந்த மெத்தையை இடுக்கியால் எடுத்தாள். அது நனைந்திருந்தது.

"தண்ணி பட்டிருக்கும்" என்றான் அவன்.

அவள் முகர்ந்து பார்த்துவிட்டு அவனிடம் நீட்டினாள். அவனும் முகர்ந்தான்.

அவள் மெத்தையைச் சோப்புப் போட்டு அலசி, கொடியில் அவனுடைய சட்டைக்குப் பக்கத்தில் காயப்போட்டாள். திரும்பி வந்தபோது அவன் பழைய பனியன் ஒன்றை மேசையில் விரித்து, கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தான்.

"எத்தனை வெட்டட்டும்?"

"நாலஞ்சு இருக்கட்டும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை நனைக்குமோ."