நாற்காலியின் முதுகு

அந்த மெஸ்ஸில் நாற்காலிகளின் முதுகு மட்டும் பளபளவென்றிருக்கும். இடத்துக்குக் காத்திருப்பவர்கள், சாப்பிடுகிறவரின் பின்னால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பது அங்கே வழக்கம். நகரத்தில் தவறவிடக் கூடாத கடை என்று எல்லோரும் சொல்லக் கேட்டு, காலையிலிருந்து வயிற்றைக் காயப்போட்டு வந்திருந்தான் இளவழகன். மீன்குழம்பைச் சோற்றில் பிசைந்த கணத்தில் அவன் பிடரியில் மூச்சுக்காற்று பட்டது.

“தம்பி, அடுத்து ரசமா, மோரா?” என்றார் பின்னால் நின்ற மீசைக்காரர்.

“இப்பதாண்ணே குழம்பே ஊத்திருக்காங்க.”

“முள்ளு ஜாஸ்தி தம்பி. ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டிருந்தா விடிஞ்சிரும்.”

வரிசையே சிரித்தது. இளவழகனுக்குக் காது சுட்டது. ஒரு வாய்கூட இறங்கவில்லை. மீன் துண்டம் அப்படியே கிடக்க, இலையை மூடிவிட்டு எழுந்தான்.

கை கழுவித் திரும்பியபோது மீசைக்காரர் புது இலையில் சோற்றைக் குவித்து, அதே குழம்புக்குக் குழி பறித்துக்கொண்டிருந்தார். வாசலுக்குப் போகவேண்டியவன் போகவில்லை. ஈரம் சொட்டும் இரண்டு கைகளாலும் அந்த நாற்காலியின் முதுகை இறுகப் பற்றினான். மீசைக்காரரின் முதல் கவளம் இலைக்கும் வாய்க்கும் நடுவே நின்றுவிட்டது.

“சாப்பிடுங்கண்ணே” என்றான், அவர் காதருகே குனிந்து. “எனக்கு அவசரமே இல்ல.”