சும்மா இருக்கிற கை

மூளையில் வந்த கட்டி, வலது கையை அசைக்கும் இடத்தை ஒட்டினாற்போல் உட்கார்ந்திருந்தது.

"ஆபரேஷன் நடுவுல மயக்கத்தைத் தெளிய வெச்சு, தினமும் செய்யற வேலையைச் செய்யச் சொல்லுவோம். கையை ஆட்டுற இடத்தைக் குறிச்சுக்கிட்டு, அதைத் தொடாம கட்டியை எடுத்துடலாம்" என்று சொல்லிவிட்டு டாக்டர் பேனாவைத் திறந்தார். "வீட்டுல கைக்கு என்னென்ன வேலை இருக்கும்?"

மனைவி மடமடவென்று ஒப்பித்தாள். இருபது வருஷத்து மனப்பாடம். "காய் நறுக்கணும், துணி அலசணும், பாத்திரம் தேய்க்கணும், பொண்ணுக்குத் தலை பின்னணும்..."

"இதெல்லாம் ஒரு வேலையா டாக்டர்?" செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தார் கணவர். "வீட்டுல சும்மா இருக்கிறவ கைக்கு இவ்வளவு பில்டப்பா?"

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "அம்மா, நான் உங்க கையைக் கேக்கல. கட்டி சாருக்கு. அவர் என்ன செய்வார்?"

"வீட்டு வேலையைக் கேட்டீங்க, சொன்னேன். அதுல ஒண்ணுலகூட இவர் கை பட்டதில்லையே."

"ஏதாவது ஒண்ணு சொல்லுங்கம்மா. எதை வெச்சு டெஸ்ட் பண்றது?"

செல்போன் திரையைத் தள்ளிக்கொண்டே இருந்த கணவரின் விரலை மனைவி ஏற இறங்கப் பார்த்தாள்.

"கட்டைவிரலை மட்டும் காப்பாத்திக் குடுங்க டாக்டர். மத்த நாலும் சும்மாதான் இருக்கு."