மூன்றாவது செவ்வாய்க்கிழமை

தங்கச்சி மங்களாம்பிகை இந்த மாதமும் வந்து உட்கார்ந்திருந்தாள்.

பல் ஆஸ்பத்திரி சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டிய சிமெண்டுப் பெஞ்சு. கோவிந்தராசுவைக் கண்டதும் மடியிலிருந்த நோட்டை மூடி, அவசரமாகப் பைக்குள் வைத்தாள்.

"அத்தைப்பா," என்றாள் மகள் பூங்கோதை, கையால் வாயை மறைத்துக்கொண்டு. பன்னிரண்டு வயது. பல்லுக்குக் கம்பி போட்டு மூன்று மாதமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

"தெரியுது. நேரா பாத்து நட."

அண்ணனும் தங்கையும் பேசி ஆறு வருஷமாகிறது. பெண்ணுக்கும் சொத்தில் சமபங்கு என்று சட்டம் வந்தபோது ஊரில் வெடி வெடித்துக் கொண்டாடிய கட்சிக்காரன் கோவிந்தராசு. அப்பா செத்த பிறகு அதே சட்டத்தைச் சொல்லி, வாய்க்காலோரத்து நிலத்தில் தங்கச்சி பங்கு கேட்டதும், "எனக்கே சட்டம் சொல்லித் தர்றியா?" என்று வாசலை விட்டு இறக்கிவிட்டான். அன்றைக்குக் கோர்ட்டுக்குப் போனது, வாய்தாவிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் வேறு மாதிரி வாய்தா.

தர்ம ஆஸ்பத்திரி அது. கம்பி போடும் டாக்டர் மாதத்தில் மூன்றாவது செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார். பதினைந்து பிள்ளைகளைத்தான் பார்ப்பார். ஒரத்தநாட்டுக்கும் உள்ளே தள்ளியிருக்கிற ஊரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் தஞ்சாவூர் வந்து சேர ஒன்பது மணி. முதல் இரண்டு மாதமும், "பதினஞ்சு பேர் ஆயிட்டுங்க, அடுத்த மாசம் வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள்.

இரண்டாவது தடவை பூங்கோதை கேட்டிலேயே நின்று அழுதுவிட்டாள். வகுப்பில் பாடம் வாசிக்கச் சொன்னால்கூட வாயைத் திறக்காத பெண்.

கோவிந்தராசு கட்சியின் ஒன்றியப் பிரதிநிதி அரசப்பனிடம் போய் நின்றான்.

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு வந்த? ஆட்சி நம்மளுது. ஒரு பேர எழுத வைக்க முடியாதா?" என்றார் அரசப்பன்.

அடுத்த மாதம் கவுண்டரில் கேட்டால், பட்டியலில் முதல் பேரே பூங்கோதைதான். அதற்கடுத்த மாதமும் அப்படியே. கோவிந்தராசு ஒரு தார் வாழைப்பழத்தை அரசப்பன் வீட்டில் இறக்கிவிட்டு வந்தான்.

எல்லாம் சரியாக நடந்தது. மங்களாம்பிகை வருவது மட்டும்தான் புரியவில்லை. தஞ்சாவூரிலேயே கீழவாசலில் குடியிருக்கிறவளுக்கு மாதாமாதம் இங்கே என்ன வேலை? கூடப் பிள்ளையும் இல்லை. எதை எழுதுகிறாள், ஏன் மறைக்கிறாள்? பெண்டாட்டி சாவித்திரியிடம் சொல்லிக் குழம்பினான்.

"இதுல என்ன குழப்பம்?" என்றாள் சாவித்திரி. "நீங்க வயலைப் போட்டுட்டு ஊர் சுத்துறீங்கன்னு கோர்ட்ல சொல்லணும்ல. தேதி குறிச்சுக்கிறா."

அது மனசில் தைத்துவிட்டது. இன்றைக்கு விடக் கூடாது என்று நேரே பெஞ்சுக்குப் போனான்.

"என்ன எழுதுற?"

மங்களாம்பிகை எழுந்து நின்றாள். "ஒண்ணுமில்லண்ணே."

"எதுவா இருந்தாலும் கோர்ட்டோட வச்சுக்க. புள்ளைக்கு வைத்தியம் பாக்குற எடத்துக்கு வந்து வேவு பாக்குறியே, வெக்கமா இல்ல? இனிமே இந்தக் கேட்டுக்குள்ள ஒன்னப் பாக்கக் கூடாது."

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பையை இடுக்கிக்கொண்டாள்.

"பாப்பாவுக்குக் கம்பி இன்னும் எத்தனை மாசம்ணே?"

"அத வேற குறிச்சுக்கணுமா?"

அவள் கேட்டைப் பார்த்து நடந்தாள்.

அடுத்த மாதம் பெஞ்சு காலியாக இருந்தது. கோவிந்தராசு நிம்மதியாகக் கவுண்டருக்குப் போனான்.

"பூங்கோதையா? அந்தப் பேர் இல்லைங்களே. பதினஞ்சும் முடிஞ்சுட்டு. அடுத்த மாசம் வாங்க."

"நல்லாப் பாருங்க. மொதப் பேரா இருக்கும்."

"இல்லைங்க."

பூங்கோதையின் கை தானாக வாய்க்குப் போனது. பின்பல்லில் கம்பி விட்டுப்போய் நாலு நாளாகக் கன்னத்தைக் குத்திக்கொண்டிருக்கிறது.

கோவிந்தராசு செல்போனை எடுத்தான்.

"அண்ணே, இந்தத் தடவ பேர் இல்லைங்கிறாங்க. நீங்க சொல்ல மறந்துட்டீங்களா?"

"சொல்லாம இருப்பனா? மாசாமாசம் சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன்," என்றார் அரசப்பன். அப்புறம் ஒரு கணம் நிறுத்தி, "ஆமா, அது எந்த ஆஸ்பத்திரி?" என்றார்.

கோவிந்தராசுவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தான். கேட்டில் செக்யூரிட்டி ஆயிஷா நின்றிருந்தாள்.

"என்னங்க, இன்னைக்குத் திரும்பிட்டீங்க?"

"பேர் எழுதலையாம். இத்தன மாசம் யாரு எழுதினாங்கன்னும் தெரியல."

ஆயிஷா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியாதா? மொதல்ல வர்றவங்கதான் ஒரு நோட்டுல, பின்னாடி வர்றவங்க பேரையும் சேத்து, வரிசையா எழுதி வைப்பாங்க. எட்டு மணிக்கு நான் அதக் கவுண்டர்ல குடுத்து, பேரைப் பதிஞ்சதும் நோட்டைத் திருப்பிக் குடுத்துடுவேன். நாலு மாசமா அந்த நோட்டு பாப்பாவோட அத்தையோடது. அஞ்சு மணிக்கே வந்து நிக்கிறாங்கன்னு ராத்திரி வாட்ச்மேன் சொல்லுவாரு. அன்னைக்கு இந்த வழியாப் போனப்ப, இந்தப் புள்ள இங்க நின்னு அழுததப் பாத்தாங்களாம்."

கோவிந்தராசு காலிப் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான்.

"போன மாசம் நீங்க சத்தம் போட்டதும் என்கிட்டதான் வந்தாங்க. 'நான் வரக் கூடாதுன்னு எங்க அண்ணன் சொல்லிட்டாரு, இனிமே நீங்க கொஞ்சம் எழுதிடுங்கக்கா'ன்னு நோட்டக் கையில குடுத்தாங்க. நானே எட்டு மணிக்குத்தாங்க டூட்டிக்கு வர்றேன். விடியறதுக்கு முன்னாடி வந்து நிக்கணும்னா, அதுக்குக் கூடப் பொறந்தவங்கதான் வேணும்."