முழங்கால் உயரச் சன்னல்

“யாரைக் கேட்டு இந்தச் சுவரை உடைச்சீங்க, மிஸ்டர் மெட்காஃப்?”

“என் வீடு. யாரைக் கேக்கணும்?”

பெண் அதிகாரி ஹார்கிரேவுக்குச் சுருக்கென்றது. யார்க்‌ஷயர் மலைச்சரிவில் முந்நூறு வருடமாக நிற்கும் பண்ணை வீடு அது. அரசின் பாதுகாப்பில் இருந்ததால் ஒரு கல்லை நகர்த்தவும் அனுமதி வேண்டும். கற்சட்டம் போட்ட பழைய சன்னல்களுக்குக் கீழே, அந்தத் தடித்த சுவரைக் குடைந்து புதிதாக ஒரு சன்னல். அதன் கண்ணாடியில் அக்டோபர் மேகங்கள் மட்டுமே தெரிந்தன.

“தரையிலேருந்து முழங்கால் உயரம்தான் இருக்கு. கோழி எட்டிப் பாக்கவா?”

“கொஞ்சம் மெதுவாப் பேசுங்க.”

“நான் ஏன் மெதுவாப் பேசணும்? இதுக்கு ஜெயில்கூட உண்டு, தெரியுமா?”

“தெரியும்.”

“உள்பக்கம் எவ்வளவு சேதம்னு பாக்கணும். வழி விடுங்க.”

எழுபது வயது மெட்காஃப் வாசலை மறித்து நின்றார். “இன்னைக்கு முடியாது.”

“அப்போ நாளைக்கே ஆள் அனுப்பி அடைக்கச் சொல்றேன்.”

“அதுல எவனாவது கை வெச்சான்னா, கையோட திரும்பிப் போக மாட்டான்.”

ஹார்கிரேவ் ஓரடி பின்வாங்கினாள். கூச்சல் போட்டுச் சண்டைக்கு வந்த விவசாயிகளை அவளுக்குத் தெரியும். இவர் கிசுகிசுப்பாகவே மிரட்டினார்.

“வாங்க” என்று முன்னால் நடந்தார். வெளிக்கேட்டை அடைந்ததும் வீட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

அவள் சற்றுத் தணிந்தாள். “சரி, கிறிஸ்துமஸ் வரைக்கும் டைம் தர்றேன். அதுக்குள்ள பழையபடி அடைச்சிடணும். அதுக்கு மேல என் கையில இல்ல.”

“அடைச்சிடறேன். பழைய கல்லு ஒண்ணுகூடப் போகல. கொட்டகையில அடுக்கி வெச்சிருக்கேன்.”

இத்தனை சுலபமாக அவர் இறங்கி வந்தது அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. “நாளைக்குன்னா கையை வெட்டுவேன்னீங்க. கிறிஸ்துமஸ்னா மட்டும் சம்மதமா?”

மெட்காஃப் தொப்பியைக் கழற்றினார். மேய்ச்சல் சரிவில் அவருடைய ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன.

“கட்டில்ல படுத்தபடியே ஆடுங்களைப் பாக்கணும்னா அந்த உயரம்தாம்மா சரி. என் பெண்டாட்டி நவம்பரைத் தாண்ட மாட்டான்னு டாக்டர் சொல்லிட்டார். அவளுக்கு அது தெரியாது.”