ஒயர் கோளாறு

"ஆபீஸ் ஆபீஸா ஒயர் இழுக்கிறது போதாதா? வீட்டுலயும் அதேதானா?"

அவர் நிமிரவில்லை. தரையில் உட்கார்ந்து, வேலையில் மிஞ்சிய நெட்வொர்க் கேபிளை மூன்று மூன்றாகச் சேர்த்துப் பின்னிக்கொண்டிருந்தார். பகல் முழுக்கக் கம்ப்யூட்டர்களுக்கு ஒயர் போட்ட கை. விரல்கள் மடங்க மறுத்தன.

"என் தலையை ஒரு நாள் பின்னிவிட்டதுண்டா? ஒயருக்கு ஜடை!"

மனைவி ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"நீதானே சொன்னே, ஒரு மாசமா பாட்டு மந்தமா கேக்குதுன்னு?"

"ஸ்பீக்கர் போச்சு, வேற வாங்குங்கன்னேன்."

"ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு. ஒயர்தான் கோளாறு."

வந்திருந்த மச்சினன் சிரித்தான். ரேடியோ, டி.வி. கடை வைத்திருப்பவன்.

"யார்கிட்டக் கதை விடறீங்க மாமா? இருந்த ஒயருக்கு என்ன குறைச்சல்? எங்கப்பா மாதிரி உங்க காதுதான் போயிருக்கும். ஞாபகம் இருக்காக்கா? நாம கத்தினா தெருவுக்கே கேக்கும், செவிட்டுக் கிழத்துக்கு மட்டும் கேக்காது!"

அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

அவர் கேபிளின் தோலை உரித்தார். கலர் ஒயர்களை ஒன்றாக முறுக்கினார். வெள்ளை ஒயர்களைத் தனியாக முறுக்கினார். ஸ்பீக்கரின் சிவப்பு முனைக்கு ஒன்று, கறுப்பு முனைக்கு ஒன்று. வேலை முடிந்தது.

பழைய ஒயர் குட்டை. வாசலோர அலமாரியைத் தாண்டாது. இது நீளம். இரண்டு ஸ்பீக்கரையும் அலமாரியிலிருந்து தூக்கிப்போய், மனைவியின் வலது கைப்பக்கம் வைத்தார்.

"ரெண்டையும் ஒரே பக்கமா? இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு வைக்கணும் மாமா. பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும்!"

"இந்த ஒயருக்கு அங்கதான் சரியா வரும்."

"ஒயருக்கெல்லாம் இடம் பொருள் ஏவலா!"

அவர் பாட்டைப் போட்டார்.

மனைவியின் கை புடவைத் தலைப்பை விட்டது. "அட, சொல்லு சொல்லாக் கேக்குதுங்க. ஒயர்தானா?"

"ஒயர்தான்."

அவள் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள்.

மச்சினன் கிளம்பினான். வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினான்.

"மாமாவுக்கு மறை கழண்டுபோச்சுன்னு நாளைக்குக் கடையில சொல்லிச் சிரிக்கப் போறேன்."

"சொல்லு."

"கோவமா? மெதுவாத்தானே சொன்னேன். அக்கா காதுல விழுந்திருக்காது."

"விழாது." அவர் திரும்பி நாற்காலியைப் பார்த்தார். "வாசல் பக்கம் இருக்கிறது அவ இடது காது. அது ஒரு மாசமா கேக்கல."

மச்சினன் நாற்காலிப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

"தனியா டாக்டர்கிட்டப் போயிட்டு வர்றா. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கா. இருக்கட்டும்."

"ஒயர் ஒயர்னு சொன்னீங்களே மாமா?"

"அவ ஸ்பீக்கர் மேல பழியைப் போட்டா. நான் ஒயர் மேல போட்டேன். சொல்றப்போ சொல்லட்டும்."

"கூடப் பிறந்தவன், என்கிட்டயாவது அக்கா சொல்லியிருக்கலாமே!"

அவர் கதவைப் பாதி சாத்தினார்.

"செவிட்டுக் கிழம்னு சிரிச்சியேடா, அது அவளுக்கு நல்லாவே கேட்டுது."